பெருங்குடி வீட்டில் நெட் படுத்த இரவுகள்

"பகல்ல வந்து பாத்தா ஒண்ணும் தெரியாது மாமா. ராத்திரி வரைக்கும் இருந்து பாருங்க" என்று அக்கா மகன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். சென்னை பெருங்குடியில், ஓஎம்ஆர் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய தெருவில், ஒரு மாடி போர்ஷனில் நான்கு பேர் சேர்ந்து இருக்கிறார்கள். ஃபைபர் இணைப்புக்கும் நான்கு பங்கு. 50 எம்பிபிஎஸ் ப்ளான், இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அதே வேகம். சில இரவுகளில் மட்டும் மீட்டிங் நடுவே இவன் குரல் வெட்டி வெட்டிப் போகிறது, படம் அப்படியே நின்றுவிடுகிறது. மறுநாள் எதுவும் நடக்காதது போல் ஓடுகிறது. மேனேஜர் எச்சரித்தும் விட்டார். நெட்வொர்க் வேலையில் பல வருடம் இருப்பவன் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டேன்.

முதலில் ஃபைபர் பெட்டியைப் பார்த்தேன். லாஃப்ட் மேல், இரும்பு பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். இணைப்பு நிலையைக் காட்டும் பான் விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தது, சிவப்பு விளக்கு இல்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் உள்ளே வரும் ஒளியின் அளவு தெரியும்: மைனஸ் 21 டிபிஎம். இந்த வகைப் பெட்டிகள் ஏறக்குறைய மைனஸ் 27 வரை தாங்கும். ஆகவே தெருக் கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழை எங்கும் மடிந்தோ நசுங்கியோ இல்லை. லேப்டாப்பை லேன் வயரில் நேராகச் செருகி வேகம் பார்த்தேன். 48 வந்தது.

அடுத்தது வைஃபை. பின் அறையிலிருந்து பெட்டிக்கே பிங் அடித்துப் பார்த்தேன். சிறு பாக்கெட் ஒன்று போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் பிங். வீட்டுக்குள்ளேயே போய் வருவதற்கு இரண்டு மூன்று மில்லிசெகண்ட் போதும். இங்கே திடீர் திடீரென்று நூறைத் தாண்டியது. அறைகளுக்கும் பெட்டிக்கும் நடுவில் இரும்பு பீரோ நிற்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையெல்லாம் அதே ஆறாம் சானலில் நெரிகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ஹாலின் நடுச்சுவரில் ஆணி அடித்துப் பெட்டியை மாட்டினேன். சானலை 11-க்கு மாற்றி, லேப்டாப்புகளை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளினேன். பின் அறையிலும் பிங் ஒழுங்குக்கு வந்தது.

இதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் இரும்பு பீரோ எல்லா நாளும் அங்கேயேதான் நின்றது. சில இரவுகளில் மட்டும் வரும் கோளாறுக்கு, சில இரவுகளில் மட்டும் நடக்கிற ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அது எந்த இரவுகள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். சனி ஞாயிறு என்றான் ஒருவன், மழை நாளில் என்றான் இன்னொருவன். ஞாபகத்தை நம்பி இதில் இறங்க முடியாது. ஆனால் வீட்டு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. "நெட் படுத்துடுச்சு", "யாருடா டவுன்லோட் போடுறது" என்று அவர்கள் போட்ட ஒவ்வொரு புலம்பலுக்கும் தேதியும் நேரமும் இருந்தன. அதையெல்லாம் தாளில் எழுதினோம். ஆடி மாதம் முழுக்க ஒரு புலம்பல்கூட இல்லை. ஆவணி பிறந்ததும் ஆரம்பித்திருக்கிறது. தினசரிக் காலண்டரைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாம் முகூர்த்த நாள் இரவுகள்.

நான்காவது ஆள் தஞ்சாவூர்க்காரர், கல்யாண வீடியோ எடுப்பவர். மண்டபத்திலிருந்து வந்ததும் எடுத்ததையெல்லாம் ஊரில் உள்ள எடிட்டருக்கு இணையம் வழியே ஏற்றிவிட்டுப் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழி முழுக்க கேம் ஆடும் திருநெல்வேலிப் பையன் மேல் விழுந்திருந்தது. நெட் பில்லில் அவனிடம் கூடுதல் பங்கு வேறு வாங்கியிருக்கிறார்கள். இது எனக்குச் சுருக்கென்றது. ஆன்லைன் ஆட்டம் நடக்கும்போது போய் வரும் தரவு பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்கூட வராது. தாமதத்தால் முதலில் அடிபடுகிறவன் அவன்தான்.

அன்றும் முகூர்த்த நாள். எட்டு மணிக்கு, தெருவே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற நேரத்தில் மறுபடி வேகம் பார்த்தேன். குறையவே இல்லை. நெரிசல் தெருவிலா என்பதையும் பார்த்தாக வேண்டும். ஜிபான் என்ற இந்த வகை ஃபைபரில் ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்; இறங்கும் வழியில் எல்லோருக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ். நெரிசல் தெருவில் என்றால் இந்த நேரத்தில் தெரிந்திருக்கும்.

பத்தரைக்கு வீடியோக்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "நம்மளாலயா சார்? நான் எதையும் டவுன்லோடே பண்றதில்லையே!" உண்மைதான், அவர் இறக்குவதே இல்லை. வழக்கம்போல ஏற்றச் சொன்னேன். லேப்டாப்பில் இரண்டு பிங் பக்கம் பக்கமாக ஓடின. பெட்டிக்குப் போனது ஒரு மில்லிசெகண்டிலேயே நின்றது. வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்குப் போனது 12-லிருந்து நூறு, முந்நூறு என்று ஏறி 700-க்குப் போய் உட்கார்ந்தது. அக்கா மகன் மீட்டிங்கைத் திறந்தான், குரல் வெட்டியது.

ஏறும் வழி 50-ஐ அவர் கணினி முழுக்க நிரப்புகிறது. மிஞ்சுவதைப் பெட்டி தூக்கிப் போடுவதில்லை, தனக்குள் சேர்த்து வரிசையில் வைக்கிறது. 50 எம்பிபிஎஸ் வழியில் 700 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் நான்கு எம்பிக்கு மேல் தரவு உள்ளே தேங்கி நிற்கிறது என்று கணக்கு. அக்கா மகனின் குரலும், ஒரு பக்கம் திறக்க அவன் அனுப்பும் சின்னக் கோரிக்கையும் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். ரேஷன் கடையில் ஐம்பது கார்டுக்கு ஒருவரே மூட்டை கட்டுகையில், ஒரு சின்ன வேலைக்கு வந்தவரும் பின்னால் நிற்பது போலத்தான். இறங்கும் தரவும் மந்தமாகிறது, ஏனென்றால் "வந்து சேர்ந்தது" என்ற ஒப்புகை இந்த ஏறும் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இந்தத் தேக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1986-இல் இணையமே நெரிசலில் திணறியபோது, பெர்க்லியில் சில நூறு கஜ தூரத்தில் இருந்த இரு இடங்களுக்கு நடுவே வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் 1988-இல் சொன்ன தீர்வு, பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பது. பிறகு நினைவகம் மலிந்தது, பெட்டிகளுக்குள் பெரிய பெரிய கிடங்குகள் வந்தன. எதுவும் தொலையாததால் அனுப்புபவருக்கு நெரிசல் தெரிவதே தாமதமாகிறது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும் மருந்தைக் கொண்டுவந்தார்கள். அதன் வளர்ந்த வடிவம் 2018 முதல் ஆர்எஃப்சி 8290 என்ற ஆவணமாக எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் இணைப்போடு இனாமாகத் தரும் பெட்டிகளில் பலவற்றில் அது இல்லை. இந்திய அரசு 2023-இல் பிராட்பேண்டுக்கான வரையறையை 512 கேபிபிஎஸிலிருந்து 2 எம்பிபிஎஸுக்கு உயர்த்தியபோதும் இறங்கும் வேகத்துக்குத்தான் எண் சொன்னது. ப்ளான் விளம்பரத்திலும் அதே கதை. சுமை ஏறும்போது தாமதம் எவ்வளவு என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் பெருகினால்தான் இது மாறும் என்று நினைக்கிறேன்.

பையில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போட்ட சிறு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதை ஃபைபர் பெட்டிக்கு அடுத்ததாகச் செருகி, எல்லோரையும் அதன் வைஃபைக்கு மாற்றினேன். அந்த மருந்து அடங்கிய எஸ்க்யூஎம் என்ற வசதியை இயக்கி, ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் 45 என்று வரம்பு கட்டினேன். 50-ஐ விடக் குறைத்துக் கட்டினால்தான் வரிசை ஃபைபர் பெட்டிக்குள் சேராமல் இந்த ரவுட்டரில் நிற்கும். சின்ன வேலைக்கு வந்தவரை இது முன்னால் விட்டுவிடும். ஏற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிங் 20-க்குப் பக்கத்தில் இறங்கியது. மீட்டிங்கில் குரல் தெளிவாக வந்தது.

வீடியோக்காரருக்கு என்ன நஷ்டம் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். 100 ஜிபி ஏற 50-இல் ஏறக்குறைய நாலரை மணி நேரம் என்றால், 45-இல் ஐந்து மணி நேரம். "நான் எந்திரிக்கிறதுக்குள்ள போயிடும்ல சார், அது போதும்" என்றார். திருநெல்வேலிப் பையனிடம் கூடுதலாக வாங்கியதை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்வதாகப் பேசி முடித்தார்கள்.

"200 ப்ளான் போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதுல்ல மாமா?" என்றான் அக்கா மகன். சீக்கிரம் ஏறி முடியும், அவ்வளவுதான். ஏறி முடியும்வரை வரிசை இருக்கும். ஆனாலும் நாளைக்கு ப்ளானை மாற்றினால் ரவுட்டரில் அந்த 45-ஐயும் மாற்ற வேண்டும். அப்படியே விட்டால், 200-க்குப் பணம் கட்டி 45-இல்தான் ஓடும். 180 என்று வைத்து, ஏற்றத்தை ஓடவிட்டு பிங்கைப் பார்த்துக்கொண்டே ஐந்து ஐந்தாக மேலே ஏற்றட்டும். தாமதம் எகிறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் போதும். அந்த எண்ணை மாற்றுகிற பக்கத்தை அவனையே திறக்கவைத்து, ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.