தாவணகெரே டு நாமக்கல்: தார்ப்பாய் கட்டும் நேரம்!

நாமக்கல் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு: முட்டை, லாரி. இரண்டையும் இணைக்கும் ஒன்று மக்காச்சோளம். கோழித் தீவனத்தில் சுமார் பாதி மக்காச்சோளம்தான். அதில் ஒரு பங்கு கர்நாடகாவின் தாவணகெரே, ஹாவேரி பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. சுமார் 500 கிலோமீட்டர், ஒரு ராத்திரிப் பயணம். அந்த ராத்திரியில் ஓட்டுநர் எடுக்க வேண்டிய பெரிய முடிவு ஒன்று உண்டு. தார்ப்பாயை எப்போது கட்டுவது?

வெயிலில் ஏற்றிய மூட்டை

வெண்ணெய் தோசைக்குப் பேர்போன ஊர் தாவணகெரே. நவம்பரில் அங்கே போனால் களம், சாலையோரம், மண்டி வாசல் என எங்கும் மஞ்சள் நிறத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழை விடைபெற்று, வெயில் நன்றாக அடிக்கும் காலம் அது. ஆனால், அதே நேரத்தில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை. காய்ந்த ஊரில் ஏற்றி, நனைகிற ஊரில் இறக்க வேண்டும்.

சாயங்காலம் 5 மணி. பத்து சக்கர லாரியில் சுமார் 18 டன் ஏற்றியாகிவிட்டது. 60 கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் 300 மூட்டைகள். கிலோ 20 ரூபாய் என்று வைத்தாலே 3,60,000 ரூபாய் சரக்கு.

"இப்பவே தார்ப்பாய் கட்டிரலாங்களாண்ணா?" என்று கேட்கிறார் கிளீனர். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர்.

"கொஞ்சம் பொறு தம்பி. மூட்டை மேல கைய வெச்சுப் பாரு" என்கிறார் ஓட்டுநர். மூட்டை சுடுகிறது.

பகல் முழுக்கக் காய்ந்த தானியம் உள்ளே வெப்பத்தை வைத்திருக்கும். உடனே இறுக்கி மூடினால் அந்தச் சூடு வெளியேறாது. தானியத்தில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி மேலே வரும். ராத்திரி குளிர்ந்ததும், சோற்றுப் பானை மூடியில் நீர் முத்துக்கள் கோப்பது போல தார்ப்பாயின் அடிப்பக்கம் வியர்க்கும். மழையே பெய்யாமல் மேல் வரிசை மூட்டைகள் ஈரமாகும்.

அதனால் தார்ப்பாயை மடித்து, லோடின் முன்பக்கத்தில் கயிற்றோடு தயாராக வைத்துவிட்டு வண்டி கிளம்புகிறது.

சரக்குக்கு ஒரு கணக்கு

எல்லா லோடுக்கும் இந்தப் பொறுமை செல்லாது. சிமென்ட் என்றால் யோசிக்கவே கூடாது, ஏற்றிய இடத்திலேயே மூட வேண்டும். உப்பும் அப்படித்தான். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும். மூடியே கொண்டுவந்தால் அழுகல் வாடை ஊருக்கு முன்னால் வந்து சேரும். இரும்புக் கம்பிக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. மக்காச்சோளம் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. மூடினாலும் பயம், மூடாவிட்டாலும் பயம்.

பயத்துக்குக் காரணம் பூஞ்சை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரெனச் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது, தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்லாடாக்சின் என்று அதற்குப் பெயர் வந்தது. ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் அதே பூஞ்சை வளரும். கோழியின் ஈரலைப் பாதிக்கும், முட்டையிடுவதும் குறையும். சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு சுலபத்தில் போகாது.

கோட்டையும் காற்றாலையும்

60 கிலோமீட்டர் வந்தால் சித்ரதுர்கா. பாறைக் குன்றுகளைச் சுற்றி ஏழு சுற்று மதில்களோடு நிற்கும் பழைய கோட்டை. சுற்றுவட்டாரக் குன்றுகளில் வரிசையாகக் காற்றாலைகள். வறண்ட பூமி. இங்கே மழையைவிடக் காற்றுதான் ஆபத்து. சரியாகக் கட்டாத தார்ப்பாய்க்குள் காற்று புகுந்தால் பாய்மரம் போல உப்பிவிடும். கயிறு அறுந்து, பின்னால் வரும் பைக்காரர் மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அரைகுறையாகக் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பது மேல் என்பது ஓட்டுநரின் கணக்கு.

தும்கூரு தாண்டி, நைஸ் ரோட்டில் பெங்களூரைச் சுற்றிக்கொண்டு ஓசூர் சாலையைப் பிடிக்கும்போது நள்ளிரவு கடந்துவிட்டது. மூட்டைகள் ஆறிவிட்டன. மழை மட்டும் இன்னும் வரவில்லை.

தொப்பூருக்கு முன்னால்

கிருஷ்ணகிரியில் சென்னை சாலை பிரிந்து போகிறது. சேலம் சாலையில் திரும்பியதும் ஓட்டுநர் எதிரே வரும் லாரிகளைக் கவனிக்கத் தொடங்குகிறார். ஒன்று காய்ந்திருக்கிறது. அடுத்ததும் அப்படியே. தர்மபுரி தாண்டி வந்த ஒரு லாரியின் தார்ப்பாய் ஹெட்லைட் வெளிச்சத்தில் பளபளக்கிறது. அடுத்த வண்டியில் வைப்பர் அப்போதுதான் நின்றிருக்கிறது. சேலம் பக்கம் மழை!

மொபைலில் வானிலையும் பார்க்கலாம்தான். ஆனால், பத்து நிமிடத்துக்கு முன் மழையில் நனைந்து வந்த லாரியைவிட நம்பகமான செய்தி வேறென்ன இருக்கிறது?

அடுத்து வருவது தொப்பூர் கணவாய். அடிக்கடி விபத்துச் செய்திகளில் அடிபடும் இறக்கம். அந்த இறக்கத்தில் நிறுத்தி லோடு மேல் ஏறுவது நடக்காத காரியம். முடிவெடுக்க வேண்டிய இடம் அதற்கு முன்னால்தான். பாளையம் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில், வெளிச்சமான ஓர் இடத்தில் வண்டி ஓரம் கட்டுகிறது. மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார் ஓட்டுநர்.

"மழை வந்தப்புறம் கட்டிக்கலாங்ணா, நேரமாகுது" என்கிறார் கிளீனர். காலையில் தீவன ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டும். முந்திப் போனால்தான் சீக்கிரம் இறக்க முடியும்.

"மழை வந்தா மூட்ட வழுக்கும் தம்பி. சரக்கு போனா சம்பாரிச்சுக்கலாம். நீ மேல இருந்து விழுந்தா உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பன்னிரண்டு அடி உயரம். கிளீனர் மேலே விரிக்க, ஓட்டுநர் கீழே கயிற்றை இழுத்துக் கட்ட, நாற்பது நிமிடம் ஆகிறது. கடைசி முடிச்சைப் போடும்போது முதல் துளி விழுகிறது.

மலைக்கோட்டை தெரிகிறது

தொப்பூர் இறக்கத்தில் கொட்டிய மழை, சேலம் தாண்டி ராசிபுரம் வரை விடவில்லை. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபோது, கழுவி விட்டது போல நாமக்கல் மலைக்கோட்டை தெரிகிறது. ஆலை வாசலில் இவர்களுக்கு முன்னால் ஏழு லாரிகள். அந்த நாற்பது நிமிடத்தின் விலை அது.

முறை வந்ததும் குத்தூசியால் மூட்டைகளைக் குத்தி சாம்பிள் எடுக்கிறார் ஆலை ஊழியர். ஈரப்பதம் 14 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் பேரம், நனைந்திருந்தால் வாடகையில் பிடித்தம். மீட்டரைப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் இறக்கச் சொல்லிக் கையசைக்கிறார்.

கிளீனர் ஈரத் தார்ப்பாயைச் சுருட்டப் போகிறார். "சுருட்டாதடா, வெயில்ல விரிச்சுப் போடு" என்கிறது கீழேயிருந்து ஒரு குரல். ஈரத்தோடு சுருட்டினால் அடுத்த லோடுக்கு அதுவே பூஞ்சையைக் கொண்டுபோகும். லாரிப் பக்கத்தில் தார்ப்பாய் காய்கிறது. அதன் ஓரத்து நிழலில், நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு முதல் முறையாக, கிளீனர் கால் நீட்டிப் படுக்கிறார்.