யாருக்கு எந்தப் பாட்டு?

“கர்நாடக சங்கீதம் கேட்கணும்னு ஆசையா இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.”

ஜொகூர்பாருவில் என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் பலர். நான் பாடகன் இல்லை, மேடை ஏறியவனும் இல்லை. வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டே வளர்ந்த ரசிகன். எங்கள் தாமானில் இப்படி ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் சற்று நேரம் உட்கார்ந்து, அந்த வாரம் கேட்டதைப் பற்றிப் பேசுவோம். ஒரே ஒரு நிபந்தனைதான். ஆளுக்கு ஒரு பாட்டு. பாடியவர் யார், அதில் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியல் கொடுக்கக் கூடாது. இருபது பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், கேட்கமாட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தமானவர் ஓர் அண்ணன். கூலாய் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். நாங்கள் பேசுவதைத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வந்து உட்காருங்கள் என்றால், “அது நமக்கில்லப்பா. டாக்டருங்க, லாயருங்க கேக்குறது. நம்ம லயத்துல ஏது சங்கீதம்?” என்பார்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. தோட்டத்தில் பிறந்த நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமி புறப்படும்போது நாதசுவரக்காரர் ஒன்று வாசிப்பார், தவில் அதிரும், உடம்பு சிலிர்க்கும். அதுதான் மல்லாரி. வாசிக்கும் இராகம் கம்பீர நாட்டை. திருஞானசம்பந்தரின் முதல் பதிகமான ‘தோடுடைய செவியன்’ நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. அதையும் ஓதுவார்கள் இன்று கம்பீர நாட்டையில்தான் பாடுகிறார்கள். நம் வீட்டுத் திருமணங்களில் ஓதப்படும் ‘மண்ணில் நல்ல வண்ணம்’ கொல்லிப் பண். இன்றைய பெயர் நவரோசு. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்காக நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறார்களே, அவர்கள் பாடுவதும் இந்த இராகங்களைத்தான். பெயர் தெரியாமல் போனதால் சங்கீதமே தெரியாது என்று ஆகிவிடுமா?

அந்த அண்ணனுக்கு நான் சொன்ன பாட்டு ‘சிங்கார வேலனே தேவா’. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகி பாடியது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுதான். “இந்த முறை பாட்டை விட்டுடுங்கண்ணே, நாதசுவரத்தை மட்டும் பின்தொடர்ந்து போங்க” என்றேன். திரையில் ஜெமினி கணேசன் வாசிப்பது போல நடித்திருப்பார். உண்மையில் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். இராகம் ஆபேரி. அடுத்த வாரம் அண்ணன் தானாகவே வந்து உட்கார்ந்தார். “அந்த ஆளு குரலு போற எடத்துக்கெல்லாம் போயிட்டு, அதுக்கு மேலயும் போறாரு” என்றார். விமர்சகர் ஒருவர் எழுதினாலும் இதைவிடச் சரியாக எழுதமுடியாது.

காருகுறிச்சியாரின் குரு திருவாவடுதுறை டி.என்.இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி என்றாலே அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அடுத்ததாக அண்ணனுக்கு அந்தத் தோடியைக் கொடுத்தோம். பழைய இசைத்தட்டுப் பதிவு, இரைச்சல் இருக்கும். “மழை பேயுறப்ப கேக்குற மாதிரி இருக்கு” என்றாரே தவிர, நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு ஒரு தங்கச்சி வந்தாள். சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கே எழுந்து, பேருந்து பிடித்து, பாலத்து நெரிசலில் நின்று போய்த் திரும்புகிறவள். “அண்ணே, பஸ்சுல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கேன். நல்லதா ஏதாவது சொல்லுங்க. ஆனா எனக்கு அர்த்தம் புரியணும். தெலுங்கு வேணாம்” என்றாள்.

அவள் கேட்டது சின்ன விஷயமில்லை. தமிழ்ப் பாட்டுகள் மேடையில் முழு மதிப்போடு ஒலிக்க வேண்டும் என்றுதான் 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. ‘சிந்து பைரவி’ (1985) படத்தில் பெரிய பாகவதரிடம் சுஹாசினி கேட்பதும் இந்தக் கேள்விதான். பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நம் தங்கச்சியும் அதையே கேட்கிறாள்.

அவளுக்கு வாரம் ஒன்றாகச் சொன்னோம். பாபநாசம் சிவனின் ‘என்ன தவம் செய்தனை’, காபி இராகம். யசோதையைப் பார்த்துப் பாடுவது. பெரியசாமித் தூரனின் ‘முருகா முழுமதி’, சாவேரி. தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகத் தொகுத்த அதே தூரன்தான் என்று சொன்னதும் அவளுக்கு வியப்பு. நீலகண்ட சிவனின் ‘நவசித்தி பெற்றாலும்’, கரகரப்பிரியா. இன்று பாடுகிறவர்களில் சஞ்சய் சுப்ரமணியன் ‘தமிழும் நானும்’ என்ற பெயரில் முழுக்கத் தமிழ்ப் பாட்டுகளாகவே கச்சேரி செய்திருக்கிறார். அதில் ஒன்றைத் தேடிக் கேட்கச் சொன்னோம்.

நான்கைந்து மாதம் கழித்து அவளே கேட்டாள்: “அண்ணே, தியாகராஜர் பாட்டு ஒண்ணு சொல்லுங்க. அர்த்தத்த நான் தேடிப் படிச்சுக்கிறேன்.” தமிழ் வழியாக உள்ளே வந்தவளுக்குத் தெலுங்குக் கதவும் திறந்துவிட்டது. முதலிலேயே தெலுங்கைக் கொடுத்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

எல்லாரும் ஆசைக்காகக் கேட்பதில்லை. மனைவியை இழந்த பெரியவர் ஒருவர், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு மாலை வந்தார். “ராத்திரி தூக்கம் வரல தம்பி. ஏதாவது போட்டுக் கேக்கலாம்னு பாக்குறேன். ஆறுதல் சொல்ற பாட்டு வேணாம். வார்த்தையே வேணாம். வர்றவங்க எல்லாம் வார்த்தைதான் சொல்லிட்டுப் போறாங்க” என்றார்.

அன்று மண்டபத்தில் யாரும் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஒருவர் லால்குடி ஜெயராமனின் வயலினைச் சொன்னார். இன்னொருவர் வீணை என்றார். கடைசியில் ‘மாலி’ என்று அழைக்கப்பட்ட டி.ஆர்.மகாலிங்கத்தின் (1926–1986) புல்லாங்குழலைக் கொடுக்கலாம் என்று முடிவானது. பேரப்பிள்ளை கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். ஒரு மாதம் போலக் கழிந்திருக்கும். பெரியவர் வந்து, “பாட்டு என்ன இராகம்னு எனக்குத் தெரியாது. ஆனா நடுவுல அந்த மனுசன் நிறுத்துறாரு பாருங்க, மறுபடி எப்ப ஊதுவாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். அப்படியே விடிஞ்சிருச்சு” என்றார். மாலி விடும் இடைவெளிகளைப் பற்றி நாங்களும் பேசியிருக்கிறோம். ஆனால் ஒருவருடைய இரவைக் கடத்திவிடும் வேலையையும் அவை செய்யும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். முதல் நாளே ஒரு மணி நேர இராகம் தானம் பல்லவியில் இறங்க வேண்டாம். எட்டு நிமிடப் பாட்டு போதும். ஒரே பாட்டை மூன்று நாள் கேளுங்கள். முதல் நாள் குரல், அடுத்த நாள் வயலின், மூன்றாம் நாள் மிருதங்கம் என்று காதை மாற்றி வையுங்கள். தெரிந்த சினிமாப் பாட்டிலிருந்து போவதும் நல்ல வழி. ‘சிங்கார வேலனே’ பிடித்திருந்தால், ஆபேரியில் தியாகராஜரின் ‘நகுமோமு’வைப் பாலமுரளிகிருஷ்ணா குரலில் கேளுங்கள். அவரே ‘கவிக்குயில்’ (1977) படத்தில் பாடிய ‘சின்னக்கண்ணன் அழைக்கிறான்’ ரீதிகௌளை. அங்கிருந்து சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனி நின்னுவினா’வுக்குப் போகலாம். ‘பாடறியேன் படிப்பறியேன்’ சாரமதி. அதிலிருந்து ‘மோட்சமு கலதா’.

நேரில் கேட்பதற்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் ஜொகூர்பாருவிலும் இயங்குகிறது. பாலம் தாண்டினால் 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இருக்கிறது. எஸ்பிளனேடில் ஆண்டுதோறும் கலா உற்சவம் நடக்கிறது. மாணவர்களின் அரங்கேற்றத்துக்கு அழைப்பு வந்தால் தவிர்க்காதீர்கள். மைக் இல்லாத தூரத்தில் உட்கார்ந்து தம்புராவைக் கேட்பது தனி அனுபவம்.

இப்போது கைப்பேசியைத் தொட்டால் ஆயிரம் பாட்டுகள் வந்து கொட்டுகின்றன. வானொலியில் ஒரு பாட்டுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த காலம் போய்விட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் நம்மை அறிந்த ஒருவர், நம் தூக்கமின்மையையோ பேருந்துப் பயணத்தையோ நினைத்துப் பார்த்து, “இதைக் கேளுங்க” என்று சொல்வது வேறு. அந்த லோரிக்கார அண்ணன் இப்போது தன் பேத்திக்குப் பாட்டு சொல்கிறார். போன மாதம் அவள் திருமுறைப் போட்டிக்கு ஒரு பதிகம் பாடிப் பார்த்தபோது, “நவரோசு தானே?” என்று கேட்டிருக்கிறார். பேத்தி அசந்துபோனாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இப்படித் தள்ளி நின்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். இந்த வாரம் அவர்களில் ஒருவருக்கு, அவருக்குப் பொருத்தமான ஒரே ஒரு பாட்டைச் சொல்லிப் பாருங்களேன்.