மரக்காலைக்குள் ஒரு தண்டவாளம்

கல்முனைக்கு ரயில் இல்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த பாதை அங்கேயே நின்றுவிட்டது. கல்முனைக்குடிப் பிள்ளைகள் ரயில் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் போக வேண்டும். ஆனாலும் இந்த ஊரில் தண்டவாளம் உண்டு. மரக்காலைக்குள், மரத்தூள் மூடிக் கிடக்கும் இரண்டு கம்பிகள். அவற்றின் மேல் மரக்குற்றி ஏற்றிய தட்டுவண்டி ஓடுகிறது.

அதை அளக்கத்தான் நண்பருடன் போனேன். தளபாட வேலை செய்பவர் அவர். முற்றத்தில் ஓடவிட்டிருக்கும் சிறு ரயிலுக்குப் பக்கத்தில், கடைப் பாகம் எதுவும் வாங்காமல், ஒரு மரக்காலையைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்.

முற்றத்து ரயிலின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீற்றர். ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968இல் வெளியிட்ட தோட்ட ரயில் உலகெங்கும் பரப்பிய அளவு இது. மாதிரியின் அளவு உண்மையில் 22.5இல் ஒரு பங்கு; 45 மில்லிமீற்றரை 22.5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மீற்றர் வரும். இலங்கை ரயில் பாதையின் அகலமோ ஐந்தரை அடி, கணக்கு ஒத்துவராது. ஆகவே அவர் கொச்சி அரசின் காட்டு ட்ராம்வேயை எடுத்துக்கொண்டார். பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்க 1907 முதல் 1963 வரை ஓடிய மீற்றர் பாதை அது. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். மலைச்சரிவுகளில் இறங்கும் பாரவண்டியின் எடையே வெறும் வண்டியை மேலே இழுத்தது. ரயில் பரம்பிக்குளத்தினது, மரக்காலை கல்முனைக்குடியினது. தினமும் பலகை வாங்கும் இடத்தை ஏன் வெளிநாட்டுப் படம் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"இத அளந்து என்ன செய்யப் போறீங்க தம்பி?" என்று கேட்ட மரக்காலைக் காக்காதான் பிறகு எல்லாவற்றையும் காட்டித் தந்தார். மேலே ஒரு சக்கரம், கீழே குழிக்குள் ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பட்டைவாள். வாளின் பற்களை விரலால் தடவச் சொன்னார். ஒரு பல் இடப்பக்கம் சற்றே வளைந்திருக்கிறது, அடுத்தது வலப்பக்கம்.

"எல்லாப் பல்லும் நேரா நிண்டா வாள் மரத்துக்குள்ள சிக்கிரும்."

அறுக்கும் வழி வாளின் தடிப்பை விட அகலமாக இருந்தால்தான் வாள் சூடேறாமல் ஓடும். அந்த வழியின் அகலம் முழுவதும்தான் தூளாகக் கொட்டுகிறது.

நான்கு அங்குல வாள் மாதிரியில் நாலரை மில்லிமீற்றர். பெட்டி கட்டும் மெல்லிய இரும்புப் பட்டையைச் சீவி அதைச் செய்தார். தூண்களும் பலகைகளும் அதே மரக்காலையில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டுகள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் ஆணிகள் பித்தளை. கூரைத் தகரத்தின் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று அங்குலம் என்றால், மாதிரியில் 3.4 மில்லிமீற்றர். வெட்டி விரித்த சோடா டின்னை, வரி கீறிய இரண்டு பலகைகளுக்கு இடையே வைத்து நெரித்து அதை எடுத்தார். தரையில் தூவ உண்மையான மரத்தூள் உதவவில்லை. அந்த அளவில் அது விறகுச் சிராய் போலத் தெரிந்தது. கடைசியில் உப்புத்தாள் தேய்த்து விழுந்த மாவைத் தூவினார்.

முதல் வரைபடத்தில் ஆட்கள் இல்லை. ஒன்பது அடிக் குற்றி 12 சென்ரிமீற்றராகக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஏழரைச் சென்ரிமீற்றர் மனிதன் ஒருவனைப் பின்னால் வைத்ததும் பிழை தெரிந்தது: வண்டியைத் தள்ளுகிறவருக்கு நடக்க இடமில்லை. குற்றி முழுவதும் வாளைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். அவ்வளவு தூரமும் அவர் கூடவே நடக்க வேண்டும். கொட்டகையைப் பிரித்து நீளமாக்கினார்.

அதற்குப் பிறகு மரக்காலைக்குப் போனபோது நாங்கள் இருவரும் அந்த நடையைத்தான் பார்த்தோம். தள்ளிப் போவது, பலகை விழுந்ததும் இழுத்து வருவது, மறுபடி தள்ளுவது. மூக்கைச் சுற்றி ஒரு துணி மட்டும். காதில் ஒன்றுமில்லை. மரத்தூள் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

மரக்காலை நடத்தும் காக்காமாரே, தள்ளுகிறவருக்கும் அறுபட்டு விழும் பலகையைப் பிடிக்கிறவருக்கும் நல்ல முகக்கவசமும் காதடைப்பானும் வாங்கிக் கொடுங்கள்.