தம்பி வேனும் மடக்கு ஏரியலும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கு மாலை வாங்கவோ இட்டிலி சாப்பிடவோ வரும் வாசகர்களில் சிலர், வெள்ளை வேன் ஒன்றின் கூரையில் நீளக் குழாய் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். ஏணி என்று நினைத்தவர்கள் உண்டு. "என்ன டீச்சர், உங்க தம்பி சுறா மீன் பிடிக்கப் போறாரா?" என்று பூக்கடை அக்கா என்னையே கேட்டிருக்கிறார். அது ஏரியல் கம்பம். கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு ஏற்றிப் போகும் வேனின் தலையில் அது எதற்கு என்று ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துப்போனதால், இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி, சனிக்கிழமை, சிலாங்கூரில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் முழுகின. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றார்கள். எங்கள் அம்மா அந்தத் தாமானில்தான் சின்னம்மா வீட்டில் இருந்தார். மாலையில் ஒருமுறை பேசினார். "தண்ணி முட்டிக்கு வந்திருச்சு, மேல போறோம்" என்றார். அதோடு சரி. மின்சாரம் நின்றது, கைப்பேசி கோபுரத்தின் பாட்டரியும் எவ்வளவு நேரம் தாங்கும்? அன்று இரவும் மறுநாளும் தம்பியும் நானும் மாறி மாறி எண்களை அழுத்திக்கொண்டே இருந்தோம். தோட்டத்திலிருந்து நான் புறப்பட வழியில்லை, சாலை முழுதும் தண்ணீர். திங்கட்கிழமை யாரோ ஒரு புண்ணியவான் படகில் அம்மாவைக் கரை சேர்த்தார். நல்லபடியாகவே வந்து சேர்ந்தார் என்றாலும், அந்த ஒன்றரை நாளைத் தம்பியால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டே அமெச்சூர் ரேடியோ பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டான். தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்தும் பரீட்சை அது. தேறி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக்குறியும் பெற்ற பிறகுதான் ஒலிபரப்பிப் பேசலாம். கடையில் வாக்கி டாக்கி விற்கிறதே, வாங்கிப் பேசினால் என்ன என்று நினைக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்து ஓடியவன், முப்பத்தெட்டு வயதில் அலைநீளம் கணக்குப் போட்டு என்னிடம் திருத்தக் கொடுத்தான். எனக்கு அதில் அலாதி சந்தோஷம்.

அவன் மனைவிக்குச் சந்தோஷமில்லை. "அக்கா, அத்தைகிட்ட ரேடியோ இல்லையே! இவர் இங்கேயிருந்து பேசினா யாருக்குக் கேட்கும்?" என்று என்னிடம் முறையிட்டாள். நியாயமான கேள்வி. ரேடியோ என்பது இரண்டு பக்கமும் இருந்தால்தான் ரேடியோ. தம்பியின் பதில் இதுதான்: உரிமம் வைத்திருப்பவர்கள் ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் இருக்கிறார்கள், வெள்ளத்தில் ஒரு தாமானுக்குள் அப்படி ஒருவர் மாட்டிக்கொண்டாலும், எந்த வரிசையில் வயதானவர்கள் இருக்கிறார்கள், எங்கே படகு வேண்டும் என்று வெளியே சொல்ல முடியும். வெளியே கேட்பதற்கு ஆள் வேண்டுமே, அந்த ஆளாகத் தான் இருப்பான். சமையல் வேன் எப்படியும் நிவாரண முகாமுக்குச் சாதம் கொண்டு போகத்தானே செய்யும்!

நிற்க. கம்பத்துக்கு வருகிறேன்.

இவர்கள் அதிகமாகப் பேசும் அலை 144 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது. நீளம் சுமார் 2 மீட்டர். இந்த அலை ஏறக்குறைய பார்வை போலவே நேராகப் போகும், பூமியின் வளைவைத் தாண்டிக் குனிந்து போகாது. அதனால் உயரம்தான் எல்லாம். உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று கிட்டத்தட்ட வந்துவிடும். வேன் கூரை 2 மீட்டர். அங்கே வைத்த ஏரியல் 6 கிலோமீட்டர்கூட எட்டாது. 6 மீட்டர் உயரத்தில் வைத்தால் 10 கிலோமீட்டர். எதிராளியும் 6 மீட்டரில் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து 20. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஸ்ரீ மூடா நேர்கோட்டில் அந்த அளவுதான். மலை உச்சிகளில் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையங்கள் உள்ளன, சாதாரண நாளில் அவை போதும். அவையும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே தம்பியின் கவலை.

ஆகவே வேனின் மேல் 4 மீட்டர்க் கம்பம். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் 6 மீட்டர் உயர வண்டியை ஓட்டிப் பாருங்கள்! தலைக்கு மேலே 2003 முதல் மோனோரயில். சந்துகளில் மின்கம்பி, கடை முகப்புகளில் பந்தல். அடுக்குமாடி நிறுத்துமிடங்களில் தொங்கும் குறுக்குக் கம்பியோ பல இடங்களில் 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். வெறும் வேனே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். எனவே ஓடும்போது கம்பம் படுத்திருக்க வேண்டும், நிற்கும்போது எழுந்திருக்க வேண்டும். கீல் வைத்த கதவு போலத்தானே, இதில் என்ன கஷ்டம் என்று நானும் எண்ணினேன்.

கஷ்டம் பாரத்தில் இருக்கிறது. கம்பமும் ஏரியலும் சேர்ந்து 4 கிலோதான். ஆனால் பாரம் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது. அச்சுக்கு அரை மீட்டரில் கையை வைத்துத் தூக்கினால் 16 கிலோ தூக்குகிற மாதிரி. நெம்புகோல் பாடம் நடத்தும்போது அடிமட்டமும் அழிப்பானும் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேனே, அதே கணக்குதான். காற்றடித்தால் சொல்லவே வேண்டாம், முழுக் கம்பத்தின் தள்ளலும் அடியில் உள்ள ஒரு சாண் இரும்பில் வந்து சேரும். முதலில் ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) கீலை வெல்டிங் செய்து வாங்கினான். மேலே பார்வைக்கு அழகாக இருந்தது, உள்ளே உருகிப் பிடிக்கவே இல்லை. வீட்டுக்குப் பின்புறம் மூன்றாவது முறை தூக்கிப் பார்த்தபோது 'படக்' என்று பிய்ந்து, கம்பம் பக்கத்து வீட்டு வாழைமரத்தில் சாய்ந்தது. குழந்தைகள் அப்போதுதான் உள்ளே போயிருந்தார்கள். தம்பி மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

அப்போதுதான் அவள் அப்பா தலையிட்டார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுள் கழிந்தவர். கே.எல். சென்ட்ரல் 2001இல் திறப்பதற்கு முன், அந்த இடம் முழுக்க ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டாக இருந்ததை அவர் விவரித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் வாழைமரத்தைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, கைகாட்டி பார்த்திருக்கீங்களா?"

"படத்துல பார்த்திருக்கேன் மாமா."

"கம்பி அறுந்து போச்சுன்னா அந்தக் கை எங்கே போய் நிக்கும்?"

தம்பி விழித்தான். "நில்லுன்னுதான் நிக்கும். பாரம் அப்படி வச்சிருப்பான். எது அறுந்தாலும் ஆபத்தில்லாத பக்கம் போகணும். முதல்ல அதைக் கேளுங்க, அப்புறம் தூக்குறதைப் பத்தி யோசிங்க" என்றார்.

எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியதே அந்த வார்த்தையால்தான். அதுவரை நாங்கள் எல்லாரும் கம்பத்தை எப்படி உயர்த்துவது என்றே பேசிக்கொண்டிருந்தோம். எது விட்டுப்போனால் எந்தப் பக்கம் விழும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் சொன்னபடி எல்லாம் மாறியது. அச்சு வேனின் பின்விளிம்பில், கூரை ராக்கில், வெல்டிங் இல்லாமல் போல்ட் போட்ட இரும்புத் தகடுகளுக்கு நடுவில். அச்சுக்குப் பின்னால் அரை மீட்டர் வால். அதன் நுனியில் 13 கிலோ பாரம். ரயில்வே கேட்டில் குறுக்குக் கட்டைக்குப் பின்னால் பாரம் வைப்பார்களே, அப்படி. சரிசமமாக நிற்க 16 கிலோ வேண்டும். வேண்டுமென்றே 3 குறைத்தார். மிச்சம் 3 கிலோ இழுப்பை என் போன்ற பெண்பிள்ளையும் வாலைப் பிடித்து இழுத்துவிடலாம். கைவிட்டாலோ, கம்பம் மெல்லத் திரும்பித் தன் தொட்டிலில் போய்ப் படுக்கும். எழுந்து நிற்கும்போதும் நேர்க்குத்தாக இல்லாமல், கடுகளவு முன்பக்கம் சாய்ந்தே நிற்கும்படி ஒரு தடுப்பு. தாழ்ப்பாள் ஆணி நழுவினாலும் பின்னால் நிற்பவர் தலையில் விழாமல் வேன் கூரையில்தான் சாயும். ஆணியும் ஒன்றல்ல, இரண்டு. ஓடும்போது வாலையும் பாரத்தையும் கழற்றி அண்டாக்களுக்குப் பக்கத்தில் உள்ளே வைத்துவிட வேண்டும்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கத்துச் சரக்குப் படகுகளில் பாய்மரத்தின் அடியில் ஈயப் பாரம் கட்டி, பாலம் வரும்போது ஒற்றை ஆளாகச் சாய்த்து நிமிர்த்துவார்களாம். மாமா அதையெல்லாம் படித்தவரல்லர். கை பழகிய வேலை, அவ்வளவுதான்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஏரியல் வயர் கீல் இருக்குமிடத்தில் மடங்கி மடங்கி உள்கம்பி முறியும். அங்கே ஒரு வளையம் தளர்வாக விட வேண்டும். மெல்லிய வயர் 10 மீட்டர் போனால் சக்தியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும், அதனால் நீளம் குறைய வேண்டும். ஆணி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், நம் மழைக்கு வேறு எதுவும் தாங்காது. வண்டியின் அமைப்பை நிரந்தரமாக மாற்றினால் ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும், ராக் கழற்றி மாட்டக்கூடியது என்றாலும் தம்பி போய் விசாரித்துவிட்டே மாட்டினான்.

இரண்டு சட்டம் மாமா போட்டது, மீறினால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். ஒன்று, நிமிர்த்துவதற்கு முன் கழுத்தை நிமிர்த்து: மேலே எந்தக் கம்பியும் இருக்கக் கூடாது, கம்பத்தின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் சுற்றிலும் காலியாக இருக்க வேண்டும். வெளிநாடுகளில் தொலைக்காட்சிச் செய்தி வண்டிகளின் கம்பம் மின்கம்பியில் பட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். நம் கொமுட்டர் ரயில் பாதைக்கு மேலே ஓடுவதோ 25,000 வோல்ட். மற்றொன்று, இடி கேட்டால் உடனே கீழே. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிக்குப் பஞ்சமா? அதோடு, கம்பம் தொட்டிலில் படுத்தால் ஒழிய ஓட்டுநர் காதருகே கிணுகிணு என்று ஒலிக்கும் மணி ஒன்றைத் தம்பியே பொருத்திக்கொண்டான். அவசரத்தில் மறந்து ஓட்டிவிடக் கூடாதே.

சென்ற பள்ளி விடுமுறையில் சோதித்துப் பார்த்தார்கள். பிரிக்பீல்ட்ஸுக்குள் சுற்றிலும் கட்டடம் என்பதால், பின்னாலுள்ள புக்கிட் பெர்செக்குத்துவானுக்கு ஏறிப்போய் வானம் திறந்த இடமாக வேனை நிறுத்தினான். நான்தான் வாலை இழுத்தேன். கம்பம் சத்தமில்லாமல் எழுந்தது. மாமா ஆணியைத் தட்டிப் பார்த்து, "ம்" என்றார். தம்பி தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். வெறும் இரைச்சல். மறுபடி சொன்னான். மூன்றாம் தடவை, ஷா ஆலம் பக்கமிருந்து ஒரு மலாய்க்கார நண்பர் மணி அடித்தாற்போல் தெளிவாகப் பதில் சொன்னார். வேனுக்குள்ளே கிடந்த சிறிய ஏரியலுக்கு மாற்றிக் கேட்டபோது அதே குரல் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று.

அந்த நண்பர் வீடு ஸ்ரீ மூடாவுக்குப் பத்து நிமிடம். அம்மா இப்போதும் அங்கேதான் இருக்கிறார். வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். வீட்டு எண்ணையும் மாடியில் இருக்கும் இரண்டு கிழவிகளின் வயதையும் தம்பி அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். நண்பரும் தன் வண்டிக்கு ஒரு மடக்குக் கம்பம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாமா பழைய இரும்புக் கடையில் 13 கிலோ பாரத்துக்குக் கட்டி தேடிக்கொண்டிருக்கிறார்.