பறவை காணும் கண்ணாடி

விழா ஆண்டிலே கல்லூரித் தாய்க்கு யாது காணிக்கை செலுத்தலாம் என எம் வகுப்புத் தோழர் பதினொருவர் கூடி ஆராய்ந்தோம். மாணவரின் இயற்கைக் கழகத்துக்குப் பறவை நோக்குதற்கான தொலைநோக்கி வாங்கி அளிப்பதென முடிவாயிற்று. முடிவு எளிது, தெரிவே அரிதாயிற்று. அத்தெரிவில் யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுவது, இத்துறையில் நாட்டமுள்ள மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படக்கூடும்.

யாழ்ப்பாணத்தவர் பறவை காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. புரட்டாதி தொட்டே வடபுலத்துக் குளிரை நீங்கிவரும் உள்ளான்களும், பின்னர் ஊசிவால் வாத்துகளும் எம் களப்புகளிலும் கடனீரேரிகளிலும் இறங்குகின்றன. பண்ணைத் தாம்போதியில் நின்றே பலவற்றைக் காணலாம். மன்னாரிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆயினும் யாம் மாணவராயிருந்த காலம் போர்க்காலம். கரையோரத்தில் ஒருவன் தொலைநோக்கியோடு நிற்பது அன்று நினைக்கவும் ஒண்ணாத செயல். பூநாரைக் கூட்டத்தைத் தூரத்து வெண்கோடாகக் கண்டோமேயன்றி, அதன் செந்நிறச் சிறகை யாம் கண்டிலேம். இன்றைய மாணவர்க்கு அக்குறை வேண்டா என்பதே எம் எண்ணம்.

தோழருள் ஒருவர், விலையுயர்ந்த ஐரோப்பியக் கருவி ஒன்றே போதும், அது பல்லாண்டு நிற்கும் என்றார். வேறொருவர், மிகப் பெரிதாக்கிக் காட்டுவதே சிறந்த கருவி என்றார். இரண்டையும் ஆராய்ந்தோம்.

கருவியின்மீது 8×42 என்பதுபோல் ஈரெண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெண் உருப்பெருக்கம்; மற்றையது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். பின்னதை முன்னதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42 கருவியில் அது 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். சட்டைப்பையில் அடங்கும் 10×25 கருவியில் 2.5 மாத்திரமே. நண்பகலிற் கண்மணி சுருங்கியிருத்தலின் வேற்றுமை அதிகம் தோன்றாது. பறவைகள் சுறுசுறுப்பாயிருக்கும் விடியலிலும் அந்தியிலும் கண்மணி விரியும். அவ்வேளை சிறு கருவியின் காட்சி மங்கிவிடும். அன்றியும், உருப்பெருக்கம் கூடக்கூடக் கைநடுக்கமும் உடன் பெருகும்; காட்சிப் பரப்போ குறுகும். ஆதலின் எட்டு மடங்கே மாணவர்க்கு ஏற்றதெனக் கண்டோம்.

அடுத்தது அரியம். இத்தாலியரான இக்னாசியோ பொறோ 1854 இல் அமைத்த முறையிலான கருவிகள் தோள்போல் அகன்ற உடலுடையன. கூரை அரியம் கொண்டவை நேராகவும் மெலிந்தும் அழகாயிருக்கும். ஆயின் அவ்வரியத்தை மிக நுட்பமாகத் தீட்டல் வேண்டும். சிறப்புப் பூச்சும் இடல் வேண்டும். மலிவான கருவிகளில் இவை குறைவுபடுதல் இயல்பு. எனவே, குறைந்த விலைக்கு வாங்குவோர்க்குப் பொறோ வகையே பெரும்பாலும் தெளிந்த காட்சி தரும். அது சற்றுப் பாரமானது. நீர்க்காப்பும் பலவற்றில் இராது. உருப்பெருக்கத்தை மாற்றும் 'சூம்' வகையை இவ்விலையில் விலக்குதலே நன்று.

கடையிலே சோதிக்கும் முறையும் எளிதே. கருவியைக் கைநீட்டளவிற் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால் கண்வில்லைகளில் இரு ஒளிவட்டங்கள் தோன்றும். அவை விளிம்பு வெட்டுண்டு சதுரம்போற் காணப்படாது முழுவட்டமாயிருத்தல் வேண்டும். பின் வீதிக்கு அப்பாலுள்ள பெயர்ப்பலகையை நோக்குக. எழுத்துகள் இரட்டித்தாலும் கண் நோவெடுத்தாலும் அக்கருவியை வைத்துவிடுக. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனுடனேயே பார்த்து, முழுப்பரப்பும் தெரிகின்றதா என அறிதல் வேண்டும்.

எம்மிடம் சேர்ந்த பணம் பெருங்கருவி ஒன்றின் விலையிற் பாதியும் இல்லை. 2022 இல் டொலரொன்று 200 ரூபாவளவிலிருந்து சில மாதங்களுள் 360 ஐ எட்டியபின், இறக்குமதிப் பொருளின் விலை யாவரும் அறிந்ததே. இருந்த பணத்துக்கு 8×42 பொறோக் கருவிகள் ஆறு வாங்கினோம். பறவை வரிசைக்குக் காத்திராது. இருபது மாணவர் ஒரு கருவிக்கு நின்றால், ஐந்தாமவன் முறை வருமுன் ஆலா அடிவானம் கடந்துவிடும். மேலும், விலையுயர்ந்த பொருள் அலுமாரியிற் பூட்டப்படும். எம் நாட்டு ஈரக்காற்றில், இருண்ட அலுமாரியில் வில்லைகளிற் பூஞ்சணம் படரும்.

ஆதலின் நிபந்தனை ஒன்றுடனேயே அளித்தோம்: நூல்நிலையப் புத்தகம்போல் இவை மாணவர்க்கு இரவல் வழங்கப்படல் வேண்டும். மாணவச் செல்வங்காள்! ஞாயிற்றை இதனூடு ஒருபோதும் நோக்கற்க. திரும்பக் கொணர்ந்ததும் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைத்திடுக. கண்ட பறவையின் பெயர், தொகை, இடம், நாள் ஆகியவற்றைக் கழகத்தின் கொப்பியிற் குறித்திடுக. எம் காலத்தில் எழுதப்படாத அப்பக்கங்களை நீவிர் எழுதுவீராயின், அடுத்த விழா மலரை ஆக்குவோர்க்கு எம் களப்புகளின் வரலாறு கையிலிருக்கும்.