டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்தாரா?

கல்லூரியின் கணினி ஆய்வகம். ஒரு மாணவர் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்து நிரல் எழுதிக் கொண்டிருக்கிறார். வாசலில் நின்று நண்பர் "டேய், டீ?" என்கிறார். அவ்வளவுதான், எழுந்து போய்விடுகிறார். லினக்ஸ் அப்படியே திறந்து கிடக்கிறது. மின்னஞ்சலும் திறந்திருக்கிறது, நாளை காலை கொடுக்க வேண்டிய ப்ராஜெக்டும் திறந்திருக்கிறது.

பக்கத்து இருக்கைக்காரருக்கு ஐந்து நிமிடம் போதும். நல்ல மனசுக்காரர் என்றால் திரையில் ஒரு குரங்குப் படத்தை வைத்துவிட்டுப் போவார் :-) அப்படி இல்லாதவர் என்றால் ஆசிரியருக்கு ஏடாகூடமாக ஒரு மின்னஞ்சல் போகும், அல்லது ப்ராஜெக்ட் அடைவே காணாமல் போகும். எது நடந்தாலும் கணினியின் கணக்கில் அதைச் செய்தது டீ குடிக்கப் போனவர்தான். "அந்த நேரத்தில் டீக்கடையில் இருந்தேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

திரைப்பூட்டு இதற்காகத்தான் இருக்கிறது. அது கேட்பது ஒரே ஒரு கேள்வி: போன ஆள்தானா இப்போது வந்திருப்பது? ரொம்பச் சின்னக் கேள்வி. ஆனால் யுனிக்ஸ் உலகம் இதற்கு ஒழுங்காக விடை சொல்லப் பல வருடங்கள் பிடித்தன.

கதை யுனிக்ஸுக்கும் முன்னால் தொடங்குகிறது. 1960களில் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்று ஒரு கணினி அமைப்பு இருந்தது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடியது. எல்லோருடைய கடவுச்சொல்லும் ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஒருநாள் நிர்வாகி ஒருவர் அந்தக் கோப்பைத் திருத்திக் கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர், பயனர்கள் உள்ளே நுழையும்போது வரும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக் கொண்டிருந்தார். திருத்தும் நிரலில் இருந்த பிழையால் இரண்டு கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதற்குப் பிறகு யார் உள்ளே நுழைந்தாலும் அறிவிப்புக்குப் பதிலாக ஊரார் கடவுச்சொல் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது!

ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் 1979ல் எழுதிய கடவுச்சொல் பாதுகாப்புக் கட்டுரையில் இந்தச் சம்பவம் வருகிறது. அவர்கள் கண்ட பாடம் எளிமையானது. எழுதி வைத்தால் ஒருநாள் வெளியே வந்துவிடும். அதனால் கடவுச்சொல்லை எழுதியே வைக்கக் கூடாது.

அப்புறம் எப்படிச் சரிபார்ப்பது? மாவு அரைப்பது மாதிரிதான். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கு ஒன்றில் போட்டு அரைத்து, வரும் மாவை மட்டும் சேமித்து வைத்தார்கள். அதற்குப் பெயர் ஹாஷ். பயனர் மறுபடி வந்து தட்டச்சு செய்வதையும் அதே மாதிரி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். அந்தக் கால யுனிக்ஸ் இதை 25 முறை திருப்பித் திருப்பி அரைத்தது. வேண்டுமென்றே மெதுவாக. ஊகித்துப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு ஊகத்துக்கும் நேரம் செலவாக வேண்டும் அல்லவா? கூடவே சால்ட் என்று கொஞ்சம் உப்பும் சேர்த்தார்கள். 4096 வகை உப்பு. அதனால் இரண்டு பேர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாலும் பெரும்பாலும் மாவு வேறு வேறாக இருக்கும்.

மாவிலிருந்து அரிசி வராது என்ற நம்பிக்கையில் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி விட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் திரையைப் பூட்டுவதும் சுலபம். பூட்டும் நிரலே கோப்பைப் படித்து, அரைத்து, ஒப்பிட்டுவிடும்.

1988 நவம்பர் 2ஆம் தேதி வந்தது வினை. இணையத்தில் பரவிய முதல் பெரிய புழு அன்று கிளம்பியது. அது பரவிய வழிகளில் ஒன்று கடவுச்சொல்லை ஊகிப்பது. பயனரின் பெயர், அதைத் திருப்பிப் போட்டது, கைவசம் வைத்திருந்த 432 சொற்களின் பட்டியல் என்று ஒவ்வொன்றாக அரைத்து, கோப்பில் இருக்கும் மாவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பல இடங்களில் பொருந்தியது. வேடிக்கை என்னவென்றால், புழுவை எழுதியவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். 1979ல் அந்தக் கட்டுரை எழுதிய மோரிஸின் மகன்.

மாவையும் ஒளித்து வைத்தால்தான் சரி என்று ஆனது. ஹாஷ்கள் ஷேடோ என்ற தனிக் கோப்புக்குக் குடிபோயின. சாதாரணப் பயனர்கள் அதைப் படிக்க முடியாது. ரூட் படிக்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரைப்பூட்டு மாட்டிக் கொண்டது. பூட்டும் நிரல் ஓடுவது டீ குடிக்கப் போன மாணவரின் பெயரில். அவர் சாதாரணப் பயனர். அவருடைய நிரலுக்கு ஷேடோ கோப்பைத் திறக்க உரிமை இல்லை. வாசலில் காவலாளி நிற்கிறார், ஆனால் உள்ளே யாரை விடலாம் என்ற பட்டியல் அவருக்குக் காட்டப்படுவதில்லை!

முதலில் கண்ட வழி, காவலாளிக்கே வீட்டுச் சாவி மொத்தத்தையும் கொடுத்துவிடுவது. யுனிக்ஸில் செட்யூஐடி என்று ஒரு வசதி உண்டு, டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்தது. ஒரு நிரலை யார் ஓட்டினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். திரைப்பூட்டை ரூட்டின் பெயரில் இப்படி வைத்துவிட்டால் ஷேடோ கோப்பைப் படித்துவிடலாம். ஆனால் திரைப்பூட்டு என்பது படம் வரையும், எழுத்துரு ஏற்றும், மீனை நீந்தவிடும் பெரிய நிரல். அதில் எங்காவது ஒரு ஓட்டை இருந்தால் போதும், ஓட்டையைக் கண்டவர் ரூட் ஆகிவிடுவார். ஒரு திரையைக் காக்கப் போய் முழுக் கணினியையும் பணயம் வைத்த கதை. விவரம் தெரிந்த நிரல்கள் தொடங்கியவுடன் ஹாஷை மட்டும் படித்துக் கொண்டு, ரூட் அதிகாரத்தை உடனே கைவிட்டன.

அதைவிட நல்ல வழி, கேட்பவரையும் சரிபார்ப்பவரையும் பிரித்துவிடுவது. 1995ல் சன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பேம் என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். பின்னர் லினக்ஸும் அதை எடுத்துக் கொண்டது. இதில் திரைப்பூட்டு கடவுச்சொல்லை வாங்கிக் கொடுப்பதோடு சரி. சரிபார்க்க, 'யுனிக்ஸ் செக் பாஸ்வேர்ட்' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு குட்டி நிரல் தனியாக இருக்கிறது. ஷேடோ கோப்பைப் படிக்கும் உரிமை அதற்கு மட்டும். படம் வரையத் தெரியாது, மீன் விடத் தெரியாது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் "சரி" அல்லது "தப்பு", அவ்வளவுதான். சாதாரணப் பயனர் கூப்பிட்டால் அவருடைய சொந்தக் கடவுச்சொல்லை மட்டும்தான் பார்க்கும். பக்கத்து இருக்கைக்காரருடையதைச் சோதித்துத் தராது.

தப்பாகத் தட்டச்சு செய்தால் கணினி ஏறத்தாழ இரண்டு விநாடி யோசிப்பது போல நிற்கும், கவனித்திருப்பீர்கள். அது யோசனை எதுவும் செய்யவில்லை. அடுத்தடுத்து ஊகிப்பவரைச் சலிப்படைய வைக்க பேம் வைத்திருக்கும் தாமதம் அது.

இத்தோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. கடவுச்சொல்லைச் சரியாகச் சோதித்தாலும் பூட்டு கழன்று விழுந்தால் என்ன ஆகும்? எக்ஸ் என்ற பழைய திரையமைப்பில் திரைப்பூட்டு வெறும் ஒரு ஜன்னல்தான். எல்லாவற்றுக்கும் மேலே நின்று விசைப்பலகையைப் பிடித்து வைத்துக் கொள்ளும். நிரல் செத்தால் ஜன்னலும் போயிற்று, பின்னால் எல்லாம் திறந்து கிடக்கும். 2012 ஜனவரியில், எக்ஸின் ஒரு பதிப்பில் கண்ட்ரோல், ஆல்ட், எண்பலகையின் நட்சத்திரக் குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பூட்டு விலகுவது தெரிய வந்தது. 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் பயனர் ஒருவர், தன் பிள்ளைகள் நிஜ விசைப்பலகையிலும் திரையில் தெரிந்த விசைப்பலகையிலும் கண்டபடி தட்டியதில் பூட்டு நொறுங்கித் திறந்துவிட்டது என்று புகார் எழுதினார். கடவுச்சொல்லை யாரும் உடைக்கவில்லை. கதவை வைத்திருந்த சுவரே விழுந்துவிட்டது!

எக்ஸுக்குப் பதிலாக வந்திருக்கும் வேலேண்டில் இதற்கென்றே ஒரு நெறிமுறை வந்திருக்கிறது. பூட்டும் நிரல் செத்தாலும் திரை பூட்டியே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. காவலாளி மயங்கி விழுந்தால் கதவு மூடித்தான் இருக்க வேண்டும். யோசித்தால் இது எப்போதோ வந்திருக்க வேண்டிய விதி.

இத்தனை பேர் இத்தனை வருடம் உழைத்திருக்கிறார்கள். அரைக்க ஒருவர், ஒளிக்க ஒருவர், கேட்க ஒருவர், சரிபார்க்க இன்னொருவர். ஆனால் எதுவுமே அந்த ஆய்வக மாணவரைக் காப்பாற்றாது, அவர் எழுந்து போகும்முன் பூட்டாவிட்டால். க்னோம், கேடிஈ இரண்டிலும் சூப்பர் விசையோடு எல் விசையை அழுத்தினால் போதும். அரை விநாடி வேலை.

டீ ஆறிவிடாது.