அப்பா வாங்கிய கூலிங் கிளாஸ்

“வெயில்ல நின்னு சுடணுமே, கண்ணு கூசக் கூடாதுல்ல?” என்றபடி, கன்னங்கரேலென்ற கூலிங் கிளாஸை மகளிடம் நீட்டினார் அப்பா. விலை கொஞ்சம் அதிகம்தான். கல்லூரியில் படிக்கும் அவள், ஸ்கீட் எனும் துப்பாக்கி சுடும் விளையாட்டில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஸ்கீட்டில் இலக்கு பறக்கும். எதிரெதிரே இருக்கும் இரண்டு கூண்டுகளிலிருந்து 11 செ.மீ. அகலத் தட்டுகள் பாய்ந்து வரும். களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, தார்ப்பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்த்தது. சுடுபவர் நிற்க அரைவட்டமாக 7 இடங்கள். எட்டாவது, இரு கூண்டுகளுக்கும் நடுவே. அங்கே தட்டு கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே உடையும்.

பயிற்சியாளர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெயிலுக்குச் சரி சார். அடி தாங்குமா?” என்றவர், தன் பையிலிருந்த இளம் பழுப்புக் கண்ணாடியை அவளுக்குக் கொடுத்தார். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

அன்று எட்டாம் இடத்தில் அவள் சுட்ட தட்டு உடைந்தது. உடைந்த சில்லு ஒன்று ‘டிக்’கென்று லென்ஸில் பட்டுத் தெறித்தது. கழற்றிப் பார்த்தால், வலக்கண்ணுக்கு நேரே ஒரு கீறல். அப்பா அதை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

மறுநாள் கடையில் அவர் நிறத்தைக் கேட்கவில்லை; ஃப்ரேமில் முத்திரையைத் தேடினார். அமெரிக்கத் தரமென்றால் ‘இசட் 87+’. ஐரோப்பிய ‘இஎன் 166’ தரத்தில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், 6 மி.மீ. எஃகு உருண்டை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதியும் தாங்கியது என்று பொருள். லென்ஸ் பாலிகார்பனேட். அது நிறமே இல்லாவிட்டாலும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். கறுப்பாக இருந்தால்தான் பாதுகாப்பு என்று இத்தனை வருடம் நம்பியிருந்தாரே மனிதர்!

நிறம் வேறு கணக்கு. மரங்களுக்கு முன்னே ஆரஞ்சுத் தட்டு பளிச்சென்று தெரிய இளம் பழுப்பு, மேகமூட்டத்துக்கு மஞ்சள், சுள்ளென்ற வெயிலுக்குச் சாம்பல். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தால் பார்வை லென்ஸின் மேல்பாதி வழியாகப் போகும். அதனால் ஃப்ரேமின் மேல்விளிம்பு உயரமாக இருக்க வேண்டும். கடையில் மகளைத் தலை சாய்க்கச் சொல்லி, நாலைந்து ஃப்ரேம் மாற்றிப் பார்த்தார்கள்.

“உங்களுக்கு?” என்றாள் மகள். வேடிக்கை பார்ப்பவர்களும் அணிய வேண்டுமாம். சாதாரண பவர் கண்ணாடி இந்தக் கணக்கில் சேராது. அடுத்த ஞாயிறு, பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார் அப்பா. கூலிங் கிளாஸ் இப்போது அவருடைய ஸ்கூட்டர் பெட்டியில் இருக்கிறது.